நிலைபொருள் வழங்கிய முகவரிகளும் கர்னலின் கடமையும்

கணிப்பொறியின் மின்விசையை அழுத்துவதற்கும் திரையில் முதற்செய்தி தோன்றுவதற்கும் இடையே கழியும் சில நொடிகளில், பொறியினுள்ளே ஓர் ஒதுக்கீட்டு வேலை நடந்து முடிகிறது. திரைக்காட்சி அட்டை, வலைப்பின்னல் அட்டை, வட்டுக் கட்டுப்படுத்தி, தொடுபலகைக்குரிய சிறு கட்டுப்படுத்தி ஆகிய சாதனங்களுக்கு முகவரி எல்லைகள் வகுத்து வழங்கப்படுகின்றன. இதனைச் செய்வது தாய்ப்பலகையிலேயே பதிக்கப்பட்டிருக்கும் நிலைபொருள். பின்னர் வட்டிலிருந்து ஏறிவரும் இயங்குதளம் பொறுப்பை ஏற்கும்போது, இவ்வொதுக்கீடு முடிந்த காரியமாக அதன் கைக்கு வந்து சேர்கிறது. இயங்குதளத்தின் உட்கருவாகிய கர்னல் அதனை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டுமா, அன்றி அழித்துவிட்டுத் தானே புதிதாக வழங்க வேண்டுமா என்பது இன்றும் முற்றாகத் தீராத வினா.

இவ்வினா வல்லுநர்க்கு மட்டுமே உரியது என்று கருதுதல் பொருந்தாது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் புதிய அட்டை ஒன்றைப் பொருத்தியதும் பழைய சாதனம் ஒன்று காணாமற் போகிறது. வட்டார அலுவலகத்திற்கு வந்த புதிய மடிக்கணினியில் இயங்குதளத்தை நிறுவிய பின்னர் தொடுபலகை அசைய மறுக்கிறது. இத்தகைய நிகழ்ச்சிகளுள் ஒரு பகுதிக்கு மூலகாரணம் முகவரி ஒதுக்கீட்டிலேயே இருக்கிறது. காரணம் அறியாது பொறியைப் 'பழுது' என்று பதிவேட்டில் எழுதி மூலையில் வைத்துவிடின், பொருட்செலவு அரசினருக்கு. கல்வி இழப்பு மாணவருக்கு. ஆதலின் களப்பணியாளரும் ஆசிரியரும் இதன் அடிப்படையை அறிந்திருத்தல் நலம்.

என் முடிபை முன்னதாகவே கூறிவிடுகிறேன். நிலைபொருள் தரும் ஒதுக்கீட்டைக் கர்னல் ஒரு சாட்சியின் வாக்குமூலமாகக் கொள்ள வேண்டும். சாட்சியை மதித்துக் கேட்க வேண்டும், ஆராய வேண்டும், பொய்யென்று தெளிந்த பகுதியை மட்டும் தள்ள வேண்டும். முழுவதையும் நம்புவதும் பிழை. முழுவதையும் புறக்கணிப்பதும் பிழை. ஏன் என்பதை இனி விளக்குவேன்.

முகவரி எவ்வாறு பிறக்கிறது

செயலியானது நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டையும் ஓர் எண்ணால் அறிகிறது. அவ்வெண்ணே முகவரி. இவ்வெண்வரிசையிலேயே சாதனங்களும் இடம்பெறுகின்றன. ஓர் எண்ணுக்கு எழுதினால் அது நினைவகத்திற் பதிகிறது. வேறோர் எண்ணுக்கு எழுதினால் அது வலைப்பின்னல் அட்டைக்கு இடும் ஆணையாகிறது. 32 பிட் முகவரியால் 4 கிகாபைட்டு அளவே சுட்ட இயலும். 4 கிகாபைட்டு நினைவகம் பொருத்திய பழைய பொறிகளில் 32 பிட் இயங்குதளம் மூன்று கிகாபைட்டுச் சொச்சம் மட்டுமே காட்டியதைக் களப்பணியாளர் பலர் கண்டிருப்பர். குறைந்த பகுதி பழுதானதன்று. அந்த எண்கள் சாதனங்களுக்கு உரியவையாகிவிட்டன என்பதே காரணம்.

1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணிப்பொறியை வெளியிட்ட காலத்தில், கூடுதல் அட்டைகளின் முகவரியை மனிதர்களே தம் கையால் அமைத்தனர். அட்டையின் மீதுள்ள சிறு விசைகளைத் தள்ளியும், இணைப்புத் துண்டுகளை மாற்றிச் செருகியும் முகவரி குறிக்கப்பட்டது. இரண்டு அட்டைகளுக்கு ஒரே முகவரி அமைந்துவிட்டால் இரண்டும் இயங்கா. 1992ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வகுத்தளித்த பி.சி.ஐ. என்னும் இணைப்பு முறை இந்நிலையை மாற்றியது. ஒவ்வொரு சாதனத்திலும் 256 பைட்டு அளவுள்ள ஓர் அமைவுப் பகுதி வைக்கப்பட்டது. அதில் சாதனம் இன்னது, எவர் செய்தது என்ற விவரங்களோடு, அடிமுகவரிப் பதிவகங்கள் ஆறு வரை இருக்கலாம். அப்பதிவகத்தில் எந்த எண்ணை எழுதுகிறோமோ, அந்த எண்ணிலிருந்து தொடங்கும் எல்லைக்குச் சாதனம் மறுமொழி கூறும். கைவிசை போயிற்று, நிரல் அவ்விடத்தைப் பிடித்தது.

சாதனத்திற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதை அறியும் முறை எளிமையும் நயமும் உடையது. பதிவகத்தின் எல்லா இடங்களிலும் ஒன்று என்னும் இலக்கத்தை எழுதித் திரும்பப் படித்தால், சில கடையிடங்கள் எழுதியதை ஏலாமல் சுழியமாகவே நிற்கும். எத்தனை கடையிடங்கள் அவ்வாறு நின்றன என்பதிலிருந்து தேவையான அளவு புலப்படும். ஆகையால் ஒவ்வோர் அளவும் இரண்டின் அடுக்காகவே அமையும். தொடக்க முகவரியும் அவ்வளவின் மடங்காகவே இருத்தல் வேண்டும்: 256 மெகாபைட்டு கேட்கும் சாதனத்தை 256இன் மடங்கில்தான் அமர்த்தலாம்.

இவ்விதியினால் ஒதுக்கீடு ஒரு புதிராகிறது. 512 மெகாபைட்டு அகலமுள்ள ஒரு வெற்றிடத்தைக் கொள்வோம். 1 மெகாபைட்டு கேட்கும் சாதனத்தைச் சுழியத்திலும், 128 மெகாபைட்டு கேட்பதை 256இலும் அமர்த்திவிட்டால், எஞ்சியிருப்பது 383 மெகாபைட்டு. எனினும் 256 கேட்கும் மூன்றாவது சாதனத்திற்கு இடமில்லை. அது அமரத்தக்க இரண்டு இடங்களிலும் முன்பே ஒருவர் அமர்ந்துவிட்டார். பெரியதை 256இலும், நடுத்தரமானதை 128இலும், சிறியதைச் சுழியத்திலும் வைத்திருந்தால் மூன்றும் இடம்பெற்றிருக்கும். வகுப்பறையில் கரும்பலகையில் ஒரு நீள்கட்டம் வரைந்து இதனை மாணவரைக் கொண்டே செய்வித்தால், ஒரு பாடவேளைக்குள் அடிப்படை விளங்கிவிடும்.

இதன்மேல் பாலங்கள் என்னும் இடைநிலைச் சாதனங்களும் உண்டு. ஒரு பாலத்திற்கு அப்பாலுள்ள சாதனங்கள் யாவும் அப்பாலத்திற்கு வழங்கப்பட்ட முகவரிச் சாளரத்திற்குள் அடங்கியிருத்தல் வேண்டும். சாளரத்திற்கு வெளியேயுள்ள முகவரியைப் பாலம் கடத்தாது. நினைவகவகைச் சாளரங்கள் 1 மெகாபைட்டுப் படிகளிலேயே அமைக்கப்பெறும். ஆகவே ஒரு சாதனத்தை விரிக்க வேண்டின் பாலத்தையும் விரிக்க வேண்டும்; பாலத்தை விரிக்க வேண்டின் அண்டைப் பாலத்தை நகர்த்த வேண்டியதாகலாம். ஒரு வீட்டின் சுவரைத் தள்ளப் போய்த் தெருவையே பெயர்க்க நேர்வது போன்றது இது.

இரு தரப்பு வாதங்கள்

நிலைபொருளின் ஒதுக்கீட்டை அப்படியே காக்க வேண்டும் என்போர் கூறும் காரணங்கள் வலுவானவை. முதலாவது, அம்முகவரிகளுட் சில கர்னல் விழிப்பதற்கு முன்பே பயன்பாட்டிற்கு வந்துவிட்டன. திரையில் உற்பத்தியாளர் சின்னத்தைக் காட்டிக்கொண்டிருக்கும் திரைக்காட்சி அட்டை இதற்குச் சான்று. இரண்டாவது, கர்னல் தொடங்கிய பின்னும் நிலைபொருள் முற்றும் ஓய்ந்துவிடுவதில்லை. இன்டெல் வழிவந்த பொறிகளில் மேலாண்மைப் பயன்முறை ஒன்று உண்டு. இயங்குதளத்தின் கண்ணுக்குப் புலனாகாமல், நிலைபொருளின் ஒரு பகுதி அதில் அவ்வப்போது இயங்குகிறது. தான் தொடக்கத்தில் வழங்கிய முகவரியை அது நினைவிற்கொண்டு பயன்படுத்துமாயின், கர்னல் இடம்மாற்றிய செய்தியை அதற்குத் தெரிவிக்க வழியில்லை. மூன்றாவது, தாய்ப்பலகையின் தனிக்குணங்களை அதனைச் செய்தவரே நன்கு அறிவர். வெளியில் அறிவிக்கப்படாத சாதனங்களும் சில எல்லைகளில் மறைந்திருக்கலாம்.

மறுதரப்பாரின் காரணங்களும் இகழத்தக்கவை அல்ல. நிலைபொருள் எல்லாச் சாதனங்களுக்கும் முகவரி வழங்குவது கட்டாயமன்று. பொறி தொடங்குவதற்கு வேண்டியவற்றிற்கு வழங்கிவிட்டு ஏனையவற்றை இயங்குதளத்திற்கு விட்டுவைப்பதும் உண்டு. மேலும், நிலைபொருள் பிழை செய்கிறது. ஒன்றன்மேல் ஒன்று படியும் எல்லைகளையும், பாலச் சாளரத்திற்கு வெளியே கிடக்கும் முகவரிகளையும் அது வழங்கிய நிகழ்ச்சிகள் உள. பொறி இயங்கிக்கொண்டிருக்கும்போதே செருகப்படும் சாதனங்களுக்கு இடம் விடாமல் சாளரங்களை இறுக்கி அமைப்பதும் உண்டு. முன்னர் 256 மெகாபைட்டுச் சாளரத்தோடு அமைந்த திரைக்காட்சி அட்டைகள், இப்போது தம் முழு நினைவகத்தையும், அதாவது 8 அல்லது 16 கிகாபைட்டையும், ஒரே எல்லையாகக் கேட்கக்கூடியவை. 4 கிகாபைட்டுக்குக் கீழேயுள்ள பழைய ஒதுக்கீட்டில் அவற்றிற்கு இடம் ஏது?

இவ்விரு தரப்பும் நடைமுறையில் இரு மரபுகளாகவே வளர்ந்தன. 1991ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கர்னல், இன்டெல் வழிப் பொறிகளில் நிலைபொருள் வழங்கியதை முதலில் ஏற்று, குறைபட்டவற்றை மட்டும் திருத்தும் வழக்கத்தை மேற்கொண்டது. 64 பிட் ஆர்ம் வகைப் பொறிகளில் அதே கர்னல், முன் ஒதுக்கீட்டைப் பொருட்படுத்தாது தானே புதிதாக வழங்குவதை நெடுங்காலம் வழக்கமாகக் கொண்டிருந்தது. ஒரே நிரலுக்கு இரு நாட்டில் இரு சட்டம் இருந்தது என்னலாம்.

நிகழ்ச்சிகள் புகட்டிய பாடம்

2017ஆம் ஆண்டில் ஆர்ம் வகைப் பொறிகளில் ஒரு குறை வெளிப்பட்டது. நிலைபொருள் வரைந்துகொண்டிருந்த திரைப்பரப்பின் முகவரியைக் கர்னலின் எளிய திரைச்செலுத்தி குறித்துக்கொண்டது. அதே கர்னலின் வேறொரு பகுதி திரைக்காட்சி அட்டையைப் புதிய முகவரிக்கு மாற்றியது. செலுத்தியோ பழைய முகவரிக்கே எழுதிக்கொண்டிருந்தது; அவ்வெழுத்து, அங்கே பின்னர் அமர்ந்த வேறொரு சாதனத்தைச் சென்றடையக்கூடும். தீர்வு சிறிது: திரைப்பரப்பைக் கொண்டிருக்கும் எல்லையை முன்கூட்டியே உரிமைகோரி, அதனை அசைக்காமல் விடுவது. குடியிருப்பவரைக் கேளாமல் வீட்டை மாற்றலாகாது என்பதே இதன் பொருள்.

2010ஆம் ஆண்டில் நிகழ்ந்த வேறொரு முயற்சியும் கருதத்தக்கது. லினக்ஸ் கர்னலின் 2.6.37 பதிப்பு உருவாகிக்கொண்டிருந்தபோது, முகவரி பெறாத சாதனங்களுக்கு வெற்றிடத்தின் மேற்கோடியிலிருந்து இடம் வழங்கும் முறை சேர்க்கப்பட்டது. விண்டோஸ் மேலிருந்து வழங்கும் இயல்புடையதாதலின் அவ்வழியே பாதுகாப்பானது என்பது எண்ணம். ஆயின் சில பொறிகளில் மோதல்கள் தோன்றவே, பதிப்பு வெளிவருவதற்கு முன்பே அம்முறை கைவிடப்பட்டது. 'காலி' என்று பட்டியலில் தோன்றுவது உண்மையில் காலியாயிருக்கும் என்ற உறுதி இல்லை. பட்டியலின் மௌனத்தைச் சான்றாகக் கொள்ளுதல் கூடாது என்பது இந்நிகழ்ச்சியின் பாடம்.

எல்லாவற்றினும் படிப்பினை மிக்கது அதே பதிப்பில் தொடங்கி 2022 வரை நீண்ட ஒரு கதை. நிலைபொருள் இயங்குதளத்திற்கு இரண்டு பட்டியல்களைத் தருகிறது. ஒன்று நினைவக வரைபடம்; எந்த எல்லை சாதாரண நினைவகம், எது 'ரிசர்வ்டு' என்பதை அது கூறும். மற்றொன்று, 1996ஆம் ஆண்டில் முதன்முதல் வெளியான ஏ.சி.பி.ஐ. என்னும் ஒழுங்குமுறையின்படி அமைந்தது. எந்தச் சாளரங்களில் சாதனங்களை அமர்த்தலாம் என்பதைக் கூறும். 2010ஆம் ஆண்டு முதல் லினக்ஸ் கர்னல், 2008ஆம் ஆண்டிலோ அதன் பின்னரோ தேதியிடப்பட்ட நிலைபொருளாயின் இவ்விரண்டாம் பட்டியலை இயல்பாகவே நம்பத் தொடங்கியது. சில பொறிகளில் இப்பட்டியல் அளவுமீறிப் பரந்த சாளரத்தைக் கூறிற்று. அதனைத் தடுக்க, முதற்பட்டியலில் 'ரிசர்வ்டு' என்றுள்ள பகுதிகளைச் சாளரத்திலிருந்து வெட்டிவிடுவதென முடிவாயிற்று. அன்றைய நோய்க்கு அது மருந்தாயிற்று.

பத்தாண்டுகள் சென்றபின் வெளிவந்த சில மடிக்கணினிகளில் அம்மருந்தே நோயாயிற்று. அவற்றின் நிலைபொருள் சாதனச் சாளரம் முழுவதையுமே முதற்பட்டியலில் 'ரிசர்வ்டு' என்று குறித்திருந்தது. கர்னல் விதிப்படி வெட்டியது. வெட்டியபின் மிஞ்சிய இடம் ஒன்றுமில்லை. முன்பே முகவரி பெற்றிருந்த சாதனங்கள் இயங்கின. நிலைபொருள் முகவரி வழங்காமல் விட்டிருந்த தொடுபலகைக் கட்டுப்படுத்திக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை, தொடுபலகை மரத்துப்போயிற்று. 2022ஆம் ஆண்டில் வெளியான 5.19 பதிப்பில் இதற்குத் தீர்வு கண்டனர். 2023 அல்லது அதற்குப் பிற்பட்ட தேதியுள்ள நிலைபொருளாயின் வெட்டுவதில்லை; பழையவற்றுள் இக்குறையுடைய மாதிரிகளைப் பெயரால் அறிந்து விலக்களிப்பது என்று வகுத்தனர்.

மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் இக்கதையில் என் கருத்தை மிகவும் ஈர்ப்பது ஒன்று உண்டு. பன்னிரண்டு ஆண்டு இடர்ப்பாட்டின் வேர் ஒரு சொல். 'இது சாதாரண நினைவகம் அன்று. நிரல்களை இங்கே வைக்காதே' என்ற பொருளில் ஒருவர் எழுதினார். 'இங்கே எந்தச் சாதனத்தையும் அமர்த்தாதே' என்ற பொருளில் மற்றொருவர் படித்தார். இருவரும் தத்தம் அளவில் நேர்மையானவரே. சொல்லுக்கு வரையறை கூறாதது குற்றம். நம் மொழியில் இத்துறை நூல்களை ஆக்கும்போது இக்குழப்பத்தை உடன் கொண்டுவருதல் ஆகாது. 'ஒதுக்குதல்' என்ற ஒரே சொல்லை வழங்குவதற்கும் தடுத்துவைப்பதற்கும் நாம் ஆளுகிறோம். முகவரி வழங்குவதை 'ஒதுக்கீடு' என்றும், பிறர் தொடாதபடி விலக்கி வைப்பதை 'விலக்கீடு' என்றும், முன்னர் வழங்கப்பட்டதைக் கர்னல் தன் பதிவேட்டில் ஏற்றுக்கொள்வதை 'உரிமைகோரல்' என்றும் வேறுபடுத்தி வழங்குதல் நன்று. சொல்லில் தெளிவிருந்தால் மாணவர் சிந்தனையிலும் தெளிவு பிறக்கும்.

கர்னல் கைக்கொள்ள வேண்டிய நெறி

மேற்கூறிய நிகழ்ச்சிகளைச் சேர்த்து நோக்குமிடத்து, நான்கு நெறிகள் புலனாகின்றன.

முதலாவது, கர்னல் முதலில் கேட்க வேண்டும். பின்னரே வழங்க வேண்டும். நிலைபொருள் தந்த எல்லைகள் அனைத்தையும் உரிமைகோரி முடித்த பிறகே, முகவரி இல்லாதவற்றிற்கு வழங்கத் தொடங்குதல் வேண்டும். நில அளவையில் புதிய பட்டா வழங்குமுன் இருக்கும் அனுபோகத்தை விசாரித்துக் குறிப்பது போன்றது இது.

இரண்டாவது, உரிமைகோரும்போதே சோதிக்க வேண்டும். எல்லை பாலச் சாளரத்துள் அடங்குகிறதா, அளவின் மடங்கில் தொடங்குகிறதா, வேறொருவருடைய எல்லையோடு மோதுகிறதா என்பவற்றை ஆராய்ந்து, தவறியதை மட்டும் நீக்கி மறு ஒதுக்கீடு செய்ய வேண்டும். ஒன்று தவறியது என்பதற்காக அனைத்தையும் கலைத்தல் முறையன்று.

மூன்றாவது, பயன்பாட்டிலிருப்பதை அசைத்தல் கூடாது. அசைத்தே ஆகவேண்டுமெனின், அதனைப் பயன்படுத்துவோர் அனைவருக்கும் அறிவித்து, சாதனத்தை நிறுத்தி, பின்னரே அசைத்தல் வேண்டும்.

நான்காவது, செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் செய்திப்பதிவில் எழுதிவைக்க வேண்டும். காரணம் கூறாத மாற்றத்தைப் பின்வருவோர் திருத்த இயலாது.

நிலைபொருள் எழுதுவோர்க்கும் கடமை உண்டு. தம் ஒதுக்கீட்டைக் காக்க வேண்டுமா, புறக்கணிக்கலாமா என்பதை இயங்குதளத்திற்குத் தெளிவாக அறிவிக்கும் வழி பி.சி.ஐ. நிலைபொருள் ஒழுங்குமுறையிலேயே வகுக்கப்பட்டுள்ளது. 2019ஆம் ஆண்டில் லினக்ஸ் கர்னல் ஆர்ம் வகைப் பொறிகளில் இவ்வறிவிப்பைக் கேட்டு நடக்கக் கற்றது. இரு மரபுகளுக்கும் இடையே பாலமிடும் நல்ல ஏற்பாடு இது. வாய் திறந்து கூறுவோர் இருந்தால் ஊகத்திற்கு வேலையில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். தேதியைப் பார்த்து நம்புவதும், மாதிரிப் பெயரைப் பார்த்து விலக்களிப்பதும் அறிவியலுக்கு ஏற்ற முறைகளா என்று சிலர் வினவுவர். அழகிய விதி ஒன்றே எல்லாப் பொறிகளுக்கும் பொருந்துமாயின் அதனினும் சிறந்தது இல்லை. ஆயின் விற்றுப்போன பொறிகளைத் திரும்ப அழைத்துத் திருத்த எவராலும் இயலாது. அப்பொறி ஒரு சிற்றூர்ப் பள்ளியில் இயங்கிக்கொண்டிருக்கிறது. நாளையும் இயங்க வேண்டும். நேற்றுவரை இயங்கிய பொறியை இன்றைய புதுப்பித்தல் முடக்கலாகாது என்னும் உறுதி, விதியின் அழகினும் மேலானது என்பது என் துணிபு. விலக்குப் பட்டியல் நீளுவது வருந்தத்தக்கதே. எனினும் அதன் ஒவ்வொரு வரியும் எங்கோ ஒருவருடைய பொறி மீண்டும் இயங்கியதற்குச் சான்று.

களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும்

ஒரு சாதனம் காணாமற்போனால், இயங்குதளத்தை அழித்து மீள நிறுவுவது நம்மிடையே பரவியுள்ள முதல் வழக்கம். முகவரிக் குறையாயின் இதனாற் பயன் விளையாது. மாணவர் சேமித்த கோப்புகள் அழிவதே மிச்சம். அதற்கு முன் செய்யத்தக்கவை சில உண்டு.

லினக்ஸ் இயங்கும் பொறியில் கர்னலின் தொடக்கச் செய்திப்பதிவைப் படிக்க வேண்டும். 'உரிமைகோர இயலவில்லை', 'பொருந்தும் பாலச் சாளரம் இல்லை', 'முகவரி மோதல்', 'ஒதுக்க இயலவில்லை' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் வரும் வரிகளே இங்கு நாடத்தக்கவை. 'புரோக்' என்னும் அடைவிலுள்ள 'ஐயோமெம்' என்னும் கோப்பு, எந்த எல்லை எவருக்குரியது என்பதைப் படிநிலையாகக் காட்டும். மேலாளர் உரிமையுடன் திறந்தாலன்றி அதில் முகவரிகள் யாவும் சுழியமாகவே தோன்றும்; அதைக் கண்டு மயங்க வேண்டா. 'எல்எஸ்பிசிஐ' என்னும் கட்டளை சாதனங்களின் பட்டியலைத் தரும். பட்டியலில் சாதனம் தோன்றி, முகவரி மட்டும் இல்லையாயின், அட்டை பழுதன்று என்று பெரும்பாலும் துணியலாம். பட்டியலிலேயே தோன்றாவிடின் அட்டையையும் செருகுவாயையும் பார்க்க வேண்டும்.

அடுத்து, நிலைபொருளின் தேதியைக் குறித்துக்கொண்டு, உற்பத்தியாளர் புதிய பதிப்பு வெளியிட்டுள்ளாரா எனப் பார்க்க வேண்டும். பெரிய திரைக்காட்சி அட்டையாயின், 4 கிகாபைட்டுக்கு மேலுள்ள முகவரிகளை அனுமதிக்கும் அமைவு நிலைபொருளில் இயக்கப்பட்டுள்ளதா என்பதையும் நோக்க வேண்டும். கர்னலைத் தொடக்கும்போது கொடுக்கத்தக்க கட்டளைச் சொற்களும் உள. பாலச் சாளரங்களை மறுபடி வகுக்கச் சொல்லும் சொல் ஒன்று, ஏ.சி.பி.ஐ. தரும் சாளரப் பட்டியலைப் புறக்கணிக்கச் சொல்லும் சொல் மற்றொன்று. இவை நோயறியும் கருவிகளே. இவற்றால் சாதனம் மீண்டால் குறை எங்கென்று தெரிந்தது என்று கொள்ள வேண்டுமேயன்றி, சிகிச்சை முடிந்தது என்று கொள்ளலாகாது. அச்சொல்லை நிலையாக எழுதிவைத்த பொறியில், அடுத்த புதுப்பித்தலின்போது வேறொரு சாதனம் மறையக்கூடும். அதற்குள் எழுதியவர் மாற்றலாகிப் போயிருப்பார். எழுதியே ஆகவேண்டுமெனின், தேதியையும் காரணத்தையும் பொறியின் பதிவேட்டில் குறித்தல் வேண்டும்.

முழுச் செய்திப்பதிவையும் வெட்டாமல் சேமித்து, பொறியின் மாதிரிப் பெயரோடும் நிலைபொருளின் தேதியோடும் மேலலுவலகத்திற்கோ, இயங்குதளத்தைப் பராமரிப்போர்க்கோ அனுப்புவது சிறு உழைப்பு. தொடுபலகைக் குறையைக் கர்னல் எழுதுவோர் தம் அறையிலிருந்தபடி கண்டுபிடித்துவிடவில்லை. அம்மடிக்கணினிகளை வைத்திருந்தவர்கள் அனுப்பிய பதிவுகளே அவர்களுக்கு வழிகாட்டின. அவ்வாறு அனுப்புவோருள் நம் நாட்டுக் களப்பணியாளரும் இடம்பெறுதல் வேண்டும். நம்மிடமுள்ள பொறி மாதிரிகளின் குறையை நாம் கூறாவிடின் வேறு எவர் கூறுவர்?

பொறிகளைக் கொள்முதல் செய்வோர்க்கும் ஒரு சொல். நிலைபொருளுக்கு எத்தனை ஆண்டுகள் புதுப்பித்தல் வழங்கப்படும் என்ற வினாவை ஒப்பந்தப் புள்ளியிலேயே கேட்க வேண்டும். தனியாள் கணிப்பொறிகளின் நிலைபொருள் பெரும்பாலும் விண்டோஸை முன்னிறுத்தியே சோதிக்கப்படுகிறது. நாம் லினக்ஸ் வழி இயங்குதளத்தை நிறுவ எண்ணினால், அதனோடு சோதித்துக் காட்டுமாறு முன்னரே கோருதல் நம் உரிமை.

நம் நாட்டுப் பொறிகளுக்கு

இதுகாறும் பிறர் எழுதிய நிலைபொருளின் குணங்குற்றங்களைப் பேசினோம். இனி இந்நிலை மாறக்கூடும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 'சக்தி' என்னும் செயலிகளும், சி-டாக் நிறுவனத்தில் 'வேகா' என்னும் செயலிகளும் ரிஸ்க்-5 என்னும் திறந்த கட்டமைப்பின்படி உருவாக்கப்பட்டுள்ளன. 2022ஆம் ஆண்டில் மத்திய அரசு இவ்வகைச் செயலிகளுக்கெனத் தனித் திட்டம் ஒன்றை அறிவித்தது. லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட 'பாஸ்' என்னும் இயங்குதளத்தையும் சி-டாக் 2007 முதல் வெளியிட்டு வந்துள்ளது. நம்மவர் செயலியில் நம்மவர் இயங்குதளம் ஏறும்போது, இரண்டிற்கும் இடைநின்று முகவரி கூறும் நிலைபொருளையும் நம்மவரே எழுத வேண்டியிருக்கும்.

ரிஸ்க்-5 பொறிகளில், குறிப்பாகச் சிறு கட்டுப்பாட்டுக் கருவிகளில், சாதன முகவரிகள் 'சாதன மரம்' என்னும் விவரக் கோப்பின் வழியே கர்னலுக்கு உணர்த்தப்படுகின்றன. அக்கோப்பில் ஓர் எண் தவறினாலும் சாதனம் இயங்காது. அதனை எழுதப்போவோர் இன்று நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயிலும் மாணவர்களே. வெற்றிடம் என்று கருதியதில் குடியிருப்பு இருக்கலாம் என்பதையும், ஒரு சொல்லின் பொருளை வரையறுக்காது விடுவதன் விலையையும் அவர்கள் இப்போதே உணர்ந்திருத்தல் வேண்டும். பிறர் பன்னிரண்டு ஆண்டுகளில் பெற்ற பாடத்தை ஒரு பாடவேளையில் பெறும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது.

இவ்வாண்டுப் பாடத்திட்டத்திலேயே இதற்கு இடந்தேட வேண்டும் என்பதில்லை. ஆய்வுக்கூடப் பொறி ஒன்றில் 'ஐயோமெம்' கோப்பைத் திறந்து, 'இதில் எந்த எல்லை எவருடையது, அதனை வழங்கியது யார்?' என்று ஆசிரியர் வினவினாலே போதும். விடை தேடும் மாணவன், பொறியினுள் வழங்கிய கையும் ஏற்ற கையும் வெவ்வேறு என்பதைக் கண்டுகொள்வான். அவ்விரு கைகளுக்கும் இடையே தெளிவான பேச்சு நிலவச் செய்வதே இத்துறையில் இனி ஆகவேண்டிய பணி.